தொடுபலகையின் தொடர்புவழி: லினக்ஸ் இயக்கிகளின் வரலாற்றில் ஒரு சான்றுப் பிரச்சினை

பழைய நூலொன்றின் ஆசிரியரையும் காலத்தையும் துணிய முற்படுவோர் அகச்சான்று, புறச்சான்று என இருவகைச் சான்றுகளை நாடுவர். நூல் தன்னைப்பற்றித் தானே தருவது அகச்சான்று. பிறர் அதனைப்பற்றித் தருவது புறச்சான்று. இவை முரண்படுமிடத்து எதனை நம்புவது என்ற வினா இலக்கிய வரலாறு பயில்வோர்க்குப் புதியதன்று. கணினித்துறையில் ஏறத்தாழ இதே வினா மிகச் சிறியதொரு பொருளைச் சுற்றி எழுந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துள்ளது. அப்பொருள் மடிக்கணினியின் விசைப்பலகைக்குக் கீழே அமைந்துள்ள தொடுபலகையாகும்.

தொடுபலகையில் விரலை நகர்த்துவோருக்கு அது கணினியின் உட்புறத்தோடு எந்தக் கம்பிவழி இணைக்கப்பட்டுள்ளது என்பது ஒரு பொருட்டன்று. ஆனால் இயக்கமுறைமைக்கு அதுவே முதல் வினா. பழைய சுட்டிக்குரிய பீஎஸ்/2 வழியா, யூ.எஸ்.பி. வழியா, ஐ2சீ எனும் இருகம்பி வழியா, அதன் உறவான எஸ்எம்பஸ் வழியா என்பதைத் துணியாமல் எந்த இயக்கியையும் பணிக்கு அமர்த்த இயலாது. பிழையாகத் துணிந்தால் பலகை முற்றாகச் செயலிழந்துவிடும் என்பதில்லை. பெரும்பாலும் அது ஒரு சாதாரணச் சுட்டியாகத் தாழ்ந்துவிடும். இரு விரலால் பக்கத்தை உருட்ட முடியாது. தட்டச்சுச் செய்கையில் உள்ளங்கை பட்டதை விரல் பட்டதினின்றும் பிரித்தறிய முடியாது. விலை கொடுத்து வாங்கிய கருவியின் ஆற்றலிற் பெரும்பகுதி, அதனை அடையாளங் காணத் தவறியமையால் மட்டுமே, உரியவருக்குக் கிட்டாது போகின்றது. லினக்ஸ் இயக்கிகள் இந்த அடையாளத்தை எவ்வாறு தேடின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வரலாற்றின் வேர் தொடுபலகைக்கு முந்தியது. ஐ.பி.எம். நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஏ.டி. கணினியில் விசைப்பலகையைக் கவனிக்கும் பொறுப்பு இன்டெலின் 8042 எனும் சிறு சில்லிடம் ஒப்படைக்கப்பட்டது. 1987 ஏப்பிரலில் வெளிவந்த பீஎஸ்/2 கணினிவரிசை அதே சில்லின் வழியே சுட்டிக்கும் ஓரிடம் அளித்தது. அவ்வழியே சுட்டி அனுப்பும் பொதி மூன்று பைட் அளவினது: பொத்தான்களின் நிலை, கிடையாக நகர்ந்த தூரம், நிலைக்குத்தாக நகர்ந்த தூரம். இவற்றுக்கு மேல் சொல்வதற்குச் சுட்டியிடம் எதுவும் இருக்கவில்லை. ‘நீ யார்’ என வினவ 242 என்ற கட்டளை இருந்ததாயினும் அதற்குச் சாதாரணச் சுட்டிகள் யாவும் சுழியத்தையே விடையாக அளித்தன. செய்தவர் பெயரோ மாதிரியின் பெயரோ அவ்விடையில் இல்லை. ஒரேயொரு வகைச் சுட்டியே உலகில் இருக்கும் என்ற எடுகோளின்மேல் அமைந்த ஏற்பாடு அது.

1986இல் பெடெரிகோ பஜின், கார்வர் மீட் ஆகிய இருவரும் நிறுவிய சினாப்டிக்ஸ் போன்ற நிறுவனங்கள் மின்கொள்ளளவு மாற்றத்தால் விரலின் இடத்தை உணரும் பலகைகளைச் செய்தன. 1994இல் அப்பிளின் பவர்புக் 500 வரிசை தொடுபலகையைத் தாங்கி வந்தபின் ஏனைய மடிக்கணினிகளும் அதனை ஏற்கத் தொடங்கின. ஐ.பி.எம். மரபைப் பின்பற்றிய கணினிகளில் பலகை சுட்டியின் கம்பியிலேயே பொருத்தப்பட்டது, சுட்டிபோலவே நடித்தது. இதன் வணிக நியாயம் தெளிவானது. புதிய இயக்கி எதுவுமின்றி எந்தக் கணினியிலும் அது உடனடியாக வேலைசெய்யும். ஆயின், பலகை உண்மையில் அறிந்திருந்தவை, அதாவது விரல் நின்ற இடம், அழுத்தம், விரல்களின் எண்ணிக்கை ஆகியவை, அவ்வேடத்தின் பின்னே மறைந்துபோயின. அவற்றைப் பெறவேண்டுமாயின் முதலில் வேடத்தைக் கலைத்தல் வேண்டும். கலைப்பதற்கோ முறையான கட்டளை எதுவும் மூல ஏற்பாட்டில் இல்லை.

இங்குதான் கதவைத் தட்டும் முறை ஒன்று தோன்றியது. சினாப்டிக்ஸின் முறை குறிப்பிடத்தக்க நுட்பம் வாய்ந்தது. சுட்டியின் நுண்மையை அமைப்பதற்குரிய கட்டளை 232. அதனுடன் 0 முதல் 3 வரையிலான ஒரு மதிப்புச் செல்லும். இக்கட்டளையைச் சுழிய மதிப்புடன் நான்கு முறை அனுப்பி, பின்னர் 233 எனும் நிலைவினாவை அனுப்பினால் மூன்று பைட் விடை கிட்டும். சாதாரணச் சுட்டிக்கு இது வெறும் கூறியது கூறல். நுண்மையை நான்கு தடவை ஒரே அளவிற் குறைக்கச் சொன்னார்கள் என அது கொள்ளும். விடையின் இரண்டாம் பைட்டில் அந்நுண்மையைத் திருப்பிக் கூறும். அது மூன்றை விஞ்ச வழியில்லை. சினாப்டிக்ஸ் பலகையோ இந்த நால்வகைத் தட்டலைத் தனக்குரிய குறியீடாக உணர்ந்து அவ்விடத்தில் 71 என்று விடையளிக்கும். கேட்கப்படுபவர் தவறான ஆளாயினும் அவருக்குத் தீங்கில்லை, சரியான ஆளாயின் ஐயத்துக்கு இடமில்லை என்ற இரட்டைப் பண்பு இதில் உண்டு.

மைக்ரோசொப்ட் 1996இல் உருள்சில்லுடன் வெளியிட்ட இன்டெலிமவுசும் இத்தகைய தந்திரத்தையே கையாண்டது. மாதிரி வீதத்தை 200, 100, 80 என அடுத்தடுத்து அமைத்தபின் 242ஐ அனுப்பினால் சுழியத்துக்குப் பதிலாக 3 என விடைவரும்.

எல்லா நிறுவனங்களும் இத்துணைத் தெளிவாகச் சிந்திக்கவில்லை என்றே சொல்லவேண்டும். அல்ப்ஸ் நிறுவனப் பலகைகளுக்கு 230 என்ற கட்டளையை மும்முறை அனுப்பி நிலையை வினவினால் 0, 0, 10 அல்லது 0, 0, 100 என விடை வருதல் வேண்டும். நுண்மை சுழியமாகவும் மாதிரி வீதம் இயல்பான நூறாகவும் உள்ள ஒரு சாதாரணச் சுட்டியும் 0, 0, 100 என்றே கூறும் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. எனவே இவ்விடையை மட்டும் கொண்டு எதனையும் நிறுவ முடியாது. 231ஐ மும்முறை அனுப்பிப் பெறும் இன்னொரு விடையை, அறியப்பட்ட மாதிரிகளின் அட்டவணையோடு ஒப்புநோக்கிய பின்னரே இயக்கி ஒரு முடிவுக்கு வரும். எலான்டெக் பலகைகளோ அல்ப்சுக்கு உரிய அதே 230இன் மும்முறைத் தட்டலுக்கே செவிசாய்த்தன. விடைமட்டும் 60, 3, 200 என வேறுபட்டது. சில மாதிரிகளில் ஈற்றெண் சுழியமாக இருந்தது. அறிமுகமில்லாத வேறெண் வந்தால் எதிர்காலத்தில் எவருக்கேனும் பயன்படட்டும் என்று அதனைப் பதிவேட்டில் எழுதிவிட்டு இயக்கி விலகிக்கொள்ளும்.

இவ்வெண்கள் லினக்ஸ் எழுதுநருக்கு எவ்வாறு தெரியவந்தன? சினாப்டிக்ஸ் தன் பலகையுடன் உரையாடும் முறையை விளக்கி ஒரு வழிகாட்டியை வெளியிட்டிருந்தது. அல்ப்ஸ், எலான்டெக் ஆகியவற்றைப் பொறுத்தவரை பெரும்பகுதி பின்னோக்கிய ஆய்வினாற் பெறப்பட்டது: நிறுவனம் அளித்த விண்டோஸ் இயக்கி கம்பியில் எவற்றை அனுப்புகின்றது, எவை திரும்புகின்றன என உற்றுநோக்கிப் பொருள் ஊகிக்கும் முறை. எலான்டெக் இயக்கியை 2007க்கும் 2009க்குமிடையில் ஆர்யன் ஒப்மேர் என்பவர் எழுதினார். அவர் அதனுடன் இணைத்த விளக்கவுரையில் ஒரு செய்தி உண்டு. இரண்டாம் வகைப் பலகைகள் பற்றிய தகவல், ஈ பீசி எனும் சிறு கணினிக்கு லினக்ஸ் அமைத்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரின் நிரற்றிருத்தங்களிலிருந்து வந்தது. அவற்றை ஒப்மேரிடம் சேர்ப்பித்தவர் அக்கணினியைப் பயன்படுத்திய வேறொருவர். ஏட்டுச் சுவடிகள் கைமாறி வந்த கதைகளைப் படித்தோர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது.

1991இல் தோன்றிய லினக்ஸில் தொடக்கத்தில் சுட்டியின் கம்பியைத் திரையைக் கவனிக்கும் நிரல்களே நேரடியாகத் திறந்து வாசித்தன. கேர்னல் எனும் கருநிரல் வெறும் வாயிற்காவலனாகவே நின்றது. 2003 டிசெம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் இந்நிலை மாறியது. வொய்தெக் பவ்லிக் தொடக்கிவைத்து, திமித்ரி தொரோகொவ் நெடுங்காலம் பேணிவரும் உள்ளீட்டுத் தொகுதி, யார் கதவைத் தட்டுவது என்ற அதிகாரத்தைக் கேர்னலிடம் ஒப்படைத்தது. இதன் விளைவாக, அதுவரை வெவ்வேறு நிரல்களிற் சிதறியிருந்த தட்டல்கள் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கவேண்டியதாயிற்று. வரிசை என்றதும் எது முன், எது பின் என்ற பிரச்சினை தவிர்க்கமுடியாததாகின்றது.

பீஎஸ்/2 சுட்டிகளுக்கான இயக்கியின் மூலநிரலில் இவ்வரிசையையும் இடையிடையே எழுதப்பட்ட குறிப்புகளையும் ஒருசேர வாசிப்பவர், கேள்வி கேட்பது குற்றமற்ற செயலன்று என்பதை உணர்வர். கென்சிங்டன் நிறுவனத்தின் திங்கிங்மவுசை முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். ஏனெனில் சினாப்டிக்சுக்கான தட்டல் அச்சுட்டியைக் குழப்பிவிடும். சைப்பிரஸ் பலகையை இன்னொரு நிறுவனத்தின் விரலுணர் பலகைக்கு முன்னதாகத் தேடவேண்டும். பின்னதற்குரிய தட்டல் சைப்பிரஸ் மாதிரிகள் சிலவற்றைக் கலங்கச் செய்யும். சினாப்டிக்ஸ் பலகைகளுட் சில இன்டெலிமவுசாகவும் நடிக்க வல்லவை. அதே பலகைகளின் சில பதிப்புகளை லொஜிடெக், ஜீனியஸ் சுட்டிகளுக்குரிய வினாக்கள் நிலைதடுமாறச் செய்யுமாதலால், சினாப்டிக்ஸ் எனத் தெரிந்ததும் அவ்வினாக்களைக் கைவிடவேண்டும். யாவற்றினும் விசித்திரமானது யாதெனில், சினாப்டிக்ஸ் ஆதரவு வேண்டாம் என்று ஒருவர் கேர்னலைத் தொகுத்திருந்தாலும் அதற்கான தட்டல் நடந்தே தீரும். பலகை சினாப்டிக்சினுடையதா என அறியாவிடின் ஏனைய விசாரணைகளின் பின் அதனைப் பழைய நிலைக்கு முறையாக மீட்க முடியாது என்பதே காரணம். இறுதியில் எவரும் பிடிபடாதபோது இயக்கி சாதனத்தை முதல்நிலைக்கு மீளமைக்கின்றது. இத்தனை வினாக்களால் அது குழம்பியிருக்கக்கூடும் என்று அங்கே ஒரு குறிப்பும் இடப்பட்டுள்ளது. அடுக்கடுக்கான இக்குறிப்புகள் ஒவ்வொன்றின் பின்னும் எங்கோ ஒருவரின் கணினியில் நேர்ந்த ஒரு தடுமாற்றம் இருத்தல் வேண்டும். கல்வெட்டிற் பிற்காலத்தார் சேர்த்த வரிகள்போல இவை கேர்னலின் உடலிலேயே தங்கிவிட்டன.

சாதனத்தை மட்டுமன்றி அதனைத் தாங்கும் வாயிலையும் ஐயுறவேண்டியிருந்தது. மடிக்கணினியின் பலகையையும் வெளியே செருகிய சுட்டியையும் தனித்தனியே காட்டவல்ல பன்முக வாயில்கள் சில கணினிகளில் இருந்தன. ஒரு சில்லின்கீழ் நான்கு கிளைகள். அவ்வாயில் உண்டா என அறிய 240, 86, 164 என்ற எண்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பவேண்டும். இல்லையெனில் அனுப்பிய எண்ணே எதிரொலிக்கும். உண்டெனில் ஈற்றெண்ணுக்குப் பதிலாகப் பதிப்பெண் வரும். யூ.எஸ்.பி. சுட்டியைப் பழைய சுட்டியாகக் காட்டும் பயோஸ் நிரலின் குறுக்கீட்டினால் சில கணினிகளில் 172 என்ற விடை வந்தது. பதிப்பு 10.12 எனப் பொருள்படும் இவ்வெண்ணுக்குரிய வாயில் உண்மையில் இல்லை. ஆகவே அவ்விடையைப் பொய்ச்சான்றெனத் தள்ளும்படி ஒரு வரி சேர்க்கப்பட்டது.

இதுவரை கூறியவை யாவும் அகச்சான்றை நாடிய காலத்துக்குரியவை. புறச்சான்றின் காலம் வேறொரு கம்பியுடன் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் வகுத்த ஐ2சீ வழியில் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு முகவரி உண்டு. ஆனால் அம்முகவரியில் இருப்பது யார் என வினவப் பொதுமுறை எதுவும் இல்லை. எல்லா முகவரிகளையும் தட்டிப் பார்ப்பது ஆபத்தானது. மின்கலத்தையோ வெப்பமானியையோ கவனிக்கும் சில்லொன்றின் அமைப்பை மாற்றிவிடவும் கூடும். எனவே கணினியைச் செய்தவரே எங்கே என்ன உள்ளது என்பதை எழுதித் தரவேண்டும். அதற்குரிய ஏடு முன்னரே இருந்தது. இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா ஆகியவை 1996இல் வெளியிட்ட ஏசிபிஐ எனும் வரையறையின்படி, பயோசில் வன்பொருள் விவர அட்டவணை ஒன்று இடம்பெறும்.

2012இல் விண்டோஸ் 8 வெளிவந்த காலத்தில் மைக்ரோசொப்ட், ஐ2சீ வழியே இயங்கும் உள்ளீட்டுச் சாதனங்களுக்கு ஒரு பொதுநெறியை வகுத்தது. அதன்படி அட்டவணையில் பிஎன்பி0சி50 என்ற பொதுப்பெயர் காணப்பட்டால் அச்சாதனம் இந்நெறிக்கு உட்பட்டது. அட்டவணையிலுள்ள ஒரு செய்முறையை அழைத்தால் விவரக்குறிப்பு இருக்கும் இடத்தின் எண் கிட்டும். அவ்விடத்திலிருந்து 30 பைட் விவரத்தைப் படித்து ஏனையவற்றை அறியலாம். 2013 பெப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.8இல் இதற்கான இயக்கி இடம்பெற்றது. தட்டலும் இல்லை, மாயஎண்ணும் இல்லை. அப்பிள் கணினிகளின் கதை தனியானது. 2005 முதல் அவற்றிற் பல யூ.எஸ்.பி. வழியையும், 2015 முதல் சில எஸ்பிஐ எனும் வேறு வழியையும் கைக்கொண்டன. பின்னதற்கான இயக்கி 2019இல் 5.3 பதிப்பிற் சேர்ந்தது.

புறச்சான்று வந்தமையால் உண்மை எளிதிற் கிட்டிவிட்டது எனக் கருதுதல் பொருந்தாது. அட்டவணையை எழுதியவர் பெரும்பாலும் விண்டோசை மனத்திற் கொண்டே எழுதினார். அட்டவணை, ‘நீ எந்த இயக்கமுறைமை’ என வினவி, விடைக்கேற்பத் தன் உள்ளடக்கத்தை மாற்றவும் வல்லது. ஆகவே லினக்ஸ், விண்டோசின் பதிப்புகளைப்பற்றி வினவப்படுகையில் ஆம் என்றும், ‘லினக்ஸ்’ என்ற பெயரிலேயே வினவப்படுகையில் இல்லை என்றும் கூறுமாறு அமைக்கப்பட்டுள்ளது. வேடமிட்ட சாதனத்தை இனங்காண முற்பட்ட முறைமை தானே வேடமிட நேர்ந்ததை நகைமுரண் எனலாம். விண்டோசிற் சோதிக்கப்பட்ட பாதையே பெரும்பாலும் பிழையற்ற பாதையாக இருந்தமையால் வேறு வழியும் இருக்கவில்லை. வேறு சில மடிக்கணினிகளிற் பலகையைப் பழைய பீஎஸ்/2 வழியில் வைப்பதா, ஐ2சீ வழியில் வைப்பதா என்று பயோஸ் அமைப்பிலேயே தெரிவுசெய்யலாம். அங்கே ‘எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளது’ என்ற வினாவின் விடை கம்பியில் மட்டும் இல்லை. உரியவர் கடைசியாகச் செய்த தெரிவிலும் உள்ளது.

இரு சான்றுகளும் ஒரே பலகையில் மோதிய களம், 2013ஐ ஒட்டி வெளிவந்த லெனோவோ திங்க்பாட் கணினிகள். அவற்றிற் பலவற்றில் தனிப் பொத்தான்கள் நீக்கப்பட்டுப் பலகை முழுவதுமே அழுத்தக்கூடியதாக அமைந்தது. ஒரு விரல் அழுத்தியிருக்க இன்னொரு விரல் நகரும் என்பதால் பல விரல்களின் இடமும் தொடர்ச்சியாகத் தேவைப்பட்டது. பீஎஸ்/2 கம்பியில் ஒரு பைட்டை அனுப்ப 11 துடிப்புகள் வேண்டும்; துடிப்பு வீதமோ செக்கனுக்கு ஏறத்தாழ 10,000 முதல் 16,700 வரை. 6 பைட் கொண்ட பொதிகளைச் செக்கனுக்கு 80 வீதம் அனுப்பவே 5,280 துடிப்புகள் செலவாகும். விரல்கள் பெருகப் பெருக இது போதாது. மேலும் விசைகளுக்கிடையே உள்ள சுட்டுக்குமிழின் செய்தியும் பலகையினூடாக இதே கம்பியிலேயே வந்தது. போதாக்குறைக்கு, இப்பலகைகளுட் பல தம் பரப்பின் எல்லையளவுகளையே பிழையாக அறிவித்தன. 2014இல் கேர்னல், பலகையின் கூற்றை ஒதுக்கி, பயோஸ் தரும் மாதிரிப்பெயரைக் கொண்டு சரியான அளவைத் தெரிந்தெடுக்கப் பழகியது. அகச்சான்றைப் புறச்சான்றால் திருத்திய தெளிவான நிகழ்ச்சி இது.

இப்பலகைகளிலிருந்து இரண்டாவது கம்பியிணை ஒன்றும் சென்றது. ஐ2சீயைத் தழுவி இன்டெல் 1995இல் வகுத்த எஸ்எம்பஸ் அது. பலகையைப் பழைய முறையில் தட்டி அதன் திறன்களை வினவினால், தனக்கு வேறொரு வழியும் உண்டு என்று அது கூறும். அவ்வழி எங்குள்ளது என்பதைக் கூறாது. பயோசின் அட்டவணையோ அவ்வழியைக் குறிப்பிடாது, பலகையைச் சாதாரணப் பீஎஸ்/2 சுட்டியென்றே அறிவிக்கும். ஒருவர் பாதியை அறிவார், மற்றவர் அறியார். 2016இல் 4.6 பதிப்பில் சினாப்டிக்ஸின் புதிய மொழியைப் பேசும் இயக்கி இணைந்தது, 2017இல் 4.12 பதிப்பில் பெஞ்சமின் திசுவார், தொரோகொவ் ஆகியோரின் முயற்சியால் இரு வழிகளுக்குமிடையே பாலம் அமைந்தது. பீஎஸ்/2 இயக்கி பலகையை வழக்கம்போல் தட்டி அடையாளங் காணும். பின்னர், சாதனம் தானே முன்வந்து அழைக்க இடமளிக்கும் எஸ்எம்பஸ் வாயிலைத் தேடி, சினாப்டிக்ஸாயின் 44, எலான்டெக்காயின் 21 என்ற முகவரியில் துணைச்சாதனம் ஒன்றை நிறுவும். அது நிலைபெற்றால் பழைய கம்பி மௌனமாகும்.

ஆனால் இதனை எல்லாக் கணினிகளிலும் துணிந்து செய்யலாமா? முதலில் அறியப்பட்ட மாதிரிகளின் பட்டியல் ஒன்றிலிருந்தோருக்கே அது வழங்கப்பட்டது. ஏனையோரின் பதிவேட்டில் ஒரு செய்தி தோன்றும்: உங்கள் தொடுபலகை வேறொரு வழியிலும் இயங்க முடியும் என்கின்றது, இன்ன மாறிக்கு 1 என மதிப்பிட்டுச் சோதித்து, விளைவை எமக்கு அறிவியுங்கள். விசாரணையின் கடைசிக் கட்டம் இவ்வாறு கணினியின் உரியவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர் எழுதினால் அவருடைய மாதிரிப்பெயர் பட்டியலில் ஒரு வரியாகும். அதே மாதிரியை வாங்கும் ஏனையோர் எதுவும் செய்யாமலே பயனடைவர். எழுதாவிடின் அம்மாதிரி பழைய கம்பியிலேயே கிடக்கும். கணினியின் உட்புறத்தை நோக்க அஞ்சாதவர் கையில் அகப்பட்ட மாதிரிகளே முதலிற் பட்டியலேறின என்பதையும், பெருந்தொகையினர் வாங்கும் மலிவான மாதிரிகளுக்கு அவ்வாய்ப்புக் குறைவு என்பதையும் இதன் பக்கவிளைவாகக் கருதவேண்டும்.

எலான்டெக் இயக்கி இதற்கு வேறொரு தீர்வைக் கண்டது. பயோசின் ஆண்டு 2018 அல்லது அதற்குப் பிந்தியதாயின் புதிய வழி நம்பத்தக்கது எனக் கொள்ளலாம். அதற்கு முந்தியதாயின் வேறு சான்றுகள் வேண்டும். பலகையின் கூற்றையும் அட்டவணையின் கூற்றையும் கடந்து, காலத்தைக் கொண்டு நம்பகத்தன்மையை அளவிடும் முறை இது. சுவடியியலார் எழுத்தமைதி நோக்கிக் காலங்கணிப்பதை ஒத்தது. ஆயின் அவர்களுடையதைப் போல நூற்றாண்டு அளவினதன்று, ஓராண்டு எல்லையில் நிற்பது.

தம் கணினி எந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தது என அறிய விரும்பும் மாணவர், கேர்னல் தரும் உள்ளீட்டுச் சாதனப் பட்டியலை நோக்கலாம். தொடர்புவழியின் எண் 0011 எனில் பழைய பீஎஸ்/2 கம்பி, 0018 எனில் ஐ2சீ, 0003 எனில் யூ.எஸ்.பி. பீஎஸ்/2 கம்பியாயின், உற்பத்திப் பொருளுக்குரிய எண் 0007 என்றிருந்தால் சினாப்டிக்ஸ் தட்டலுக்கு 71 என விடை வந்திருக்கின்றது. 0008 எனில் அல்ப்ஸ். 0001 என்றிருந்து, விரலுக்குக் கீழே இருப்பதோ தொடுபலகையாயின், மேற்கூறிய தட்டல்கள் எவற்றுக்கும் அப்பலகை தன்னை வெளிப்படுத்தவில்லை.